ஒரு ரேஸும் ஜெயிக்காத சாம்பியன்

மோட்டார் சைக்கிள் பந்தயத்தில் நான் சாம்பியன் ஆன மறுநாள் காலை, திருவையாற்றுக்குப் பக்கத்து ஊர் ஒன்றில், ஒரு பசுவின் வயிற்றுக்குள் தோள்வரை கையை விட்டு நின்றுகொண்டிருந்தேன். கன்று குறுக்கே திரும்பிக் கிடந்தது. மாட்டுக்காரர் தலைக்கயிற்றைப் பிடித்தபடி பேச்சுக் கொடுத்தார்.

"டாக்டரம்மா, மெட்ராஸ்ல பைக் ரேஸ்ல ஜெயிச்சிட்டீங்களாமே? என் மச்சான் வாட்ஸப்புல அனுப்பியிருக்கான்."

"ஆமாங்க. சாம்பியன் பட்டம் கெடச்சுது."

"எத்தனை ரேஸுங்க ஜெயிச்சீங்க?"

கன்றின் முன்னங்கால் அப்போதுதான் கைக்குச் சிக்கியது. அந்த நேரத்தில் சுற்றி வளைத்துப் பேச யாருக்கு வரும்? "ஒண்ணுகூட இல்லீங்க" என்றேன்.

அவர் கை தளர்ந்தது. மாடு ஒரு எட்டு நகர்ந்தது. "கயித்த இழுத்துப் பிடிங்க!" என்று நான் கத்த வேண்டியதாயிற்று. கன்று பிறந்து, பசு அதை நக்க ஆரம்பித்து, நான் கை கழுவி முடித்த பிறகும் அவருக்கு அது ஆறவில்லை. "ஒண்ணுகூட ஜெயிக்காம எப்படிங்க சாம்பியன்?" என்றார். விளக்கினேன். தலையாட்டினார். நம்பவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

நான் அரசு கால்நடை மருந்தகத்தில் டாக்டர். ஊர் ஊராகப் போக வேண்டிய வேலை. ஜீப்புக்குக் காத்திருந்தால் மாடு காத்திருக்காது என்பதால் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதமே பைக் வாங்கிவிட்டேன். எங்கள் பக்கத்து ரோடுகளில் ஓட்டினால் யாருக்கும் ஓட்டத் தெரிந்துவிடும். பாதி ரோட்டில் நெல் காயும், மீதிப் பாதியில் எதிரே அறுவடை இயந்திரம் வரும், மழை பெய்தால் வைக்கோல் நனைந்து எண்ணெய் மாதிரி வழுக்கும். ஒரு பைக் கம்பெனி பெண்களுக்கென்று தனிப் பந்தயப் பிரிவு தொடங்கி, ஆள் எடுக்கச் சென்னையில் தேர்வு வைப்பதாக இணையத்தில் பார்த்தபோது, சும்மா போய்ப் பார்ப்போமே என்று போனேன். எடுத்துக்கொண்டார்கள். அப்போது எனக்கு இருபத்தொன்பது வயது. மற்றவர்களில் பாதிப் பேர் கல்லூரி மாணவிகள்.

அந்தப் பிரிவில் எல்லோருக்கும் ஒரே மாதிரி வண்டி. அதனால் வண்டியைக் குறை சொல்லித் தப்பிக்க முடியாது. சென்னையிலும் கோயம்புத்தூரிலும் மாறி மாறி வருஷம் முழுக்கச் சில சனி, ஞாயிறுகளில் பந்தயம் நடக்கும். ஒவ்வொரு பந்தயத்திலும் வருகிற இடத்துக்கு ஏற்ப புள்ளி. முதலாவதாக வந்தால் அதிகம், இரண்டாவதுக்குக் கொஞ்சம் குறைவு, அப்படியே இறங்கிக்கொண்டே போகும். விழுந்துவிட்டால் பூஜ்யம். வருஷக் கடைசியில் கூட்டிப் பார்த்து யாருக்கு அதிகமோ அவர் சாம்பியன்.

என்னோடு பந்தயத்துக்கு வந்தவர் அப்பா. அரசு பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். தஞ்சாவூரிலிருந்து கும்பகோணம் போகிற அந்த நெரிசலில் ஆயுள் முழுக்க ஓட்டி, ஒரு சைக்கிளைக்கூட உரசாதவர் என்று பெயர். முதல் பந்தயத்துக்கு முன் அவர் எனக்குச் சொன்னது இவ்வளவுதான்: "வண்டி டெப்போவுக்குத் திரும்பி வரணும். அதுதான் டியூட்டி."

நானும் அப்படித்தான் ஓட்டினேன். அந்த வருஷம் முழுக்க இரண்டாவது, மூன்றாவது, மறுபடி இரண்டாவது. பெரும்பாலான பந்தயங்களை ஜெயித்தவள் கோயம்புத்தூர்க்காரி ஒருத்தி. சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை, என்னைவிட ஐந்தாறு வயது சின்னவள். அவள் வளைவுக்குள் நுழைகிற வேகத்தைப் பார்த்தாலே எனக்குப் பிரேக் பிடிக்கத் தோன்றும். ஆனால் அவள் ஜெயிப்பாள், இல்லையென்றால் விழுவாள். இரண்டுக்கும் நடுவே அவளுக்கு வேறு எதுவும் தெரியாது.

கடைசிப் பந்தயத்திலும் அதுவேதான் நடந்தது. முன்னால் போய்க்கொண்டிருந்தவள் ஒரு வளைவில் வழுக்கிப் புல்லுக்குள் போனாள். மூன்றாவது வந்தாலே பட்டம் எனக்கு என்று ஆகிவிட்டது. எனக்கு முன்னால் போன பெண் ஒரு இடத்தில் தடுமாறினாள். நன்றாகவே இடைவெளி தெரிந்தது. நான் போகவில்லை. மூன்றாவதாக வந்தேன். மேடையில் இடுப்புயரக் கோப்பையை வாங்கினேன். கையில் கட்டோடு கீழே நின்ற கோயம்புத்தூர்க்காரி, இன்னொரு கையால் தொடையில் தட்டிக் கைதட்டினாள். "கப்பு உங்களுக்கு, ரேஸெல்லாம் எனக்கு. சரியாப் போச்சுங்க்கா" என்று சிரித்தாள்.

அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. வருஷம் முழுக்க ஒரு தடவைகூட விழவில்லை என்பதைத்தான் எல்லோரிடமும் சொன்னார். பஸ் கண்டக்டரிடமும் சொன்னார்.

அம்மா வேறு மாதிரி. அங்கன்வாடியில் வேலை பார்த்தவர். பார்க்கிறவர்களுக்குச் சாது. ஆனால் எங்கள் மாதா கோயில் பங்குத் திருவிழாவில் மியூசிக்கல் சேர் வைத்தால், இந்த வயதிலும் பக்கத்து ஆளை இடுப்பால் இடித்துவிட்டு உட்காருவார். கோப்பையை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"எல்லாம் சரி. ஒரு தடவையாச்சும் முதல்ல வந்தியா?"

"இல்லம்மா. ஆனா மொத்தமாப் பாத்தா…"

"மொத்தமா என்ன மொத்தமா? அந்தப் பொண்ணு உன்னைத் தாண்டிப் போயிக்கிட்டே இருந்திருக்கா. நீ வருஷம் பூரா அவ முதுகப் பாத்துக்கிட்டே ஓட்டியிருக்க."

"ஏய், உனக்கு அந்தக் கணக்குப் புரியாது" என்றார் அப்பா.

"புரியுது. விழாம வந்ததுக்கு ஒரு பரிசு."

இதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசையின் முடிவில் எங்கள் பங்குச் சாமியார் அறிவிப்புகளோடு என்னையும் சேர்த்துக்கொண்டார். "நமது பங்கைச் சேர்ந்த கால்நடை மருத்துவர், இந்த ஆண்டு நடந்த எல்லாப் பந்தயங்களிலும் முதலிடம் பெற்று…" என்று அவர் தொடங்கியதும் கோயிலே கைதட்டியது. நான் தலையைக் குனிந்துகொண்டேன். அம்மா என்னைத் திரும்பி ஒரு பார்வை பார்த்தார்.

பூசை முடிந்ததும் சாமியாரைப் பார்க்கப் போனேன். "சாமி, நான் எந்த ரேஸ்லயும் முதல்ல வரல."

"சாம்பியன்னுதானம்மா சொன்னாங்க?"

"சாம்பியன்தான் சாமி. ஆனா ரேஸ் எதுவும் ஜெயிக்கல."

அவருக்கும் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். "அடடா, தப்பாச் சொல்லிட்டேனே. கவலைப்படாத, சரி பண்ணிடறேன்" என்றார். மறந்துவிடுவார் என்று நினைத்து வீட்டுக்கு வந்தேன். மறக்கவில்லை. அடுத்த ஞாயிறு, பூசை முடிவில், அதே ஒலிபெருக்கியில், அதே கனத்த குரலில் சொன்னார்: "சென்ற வார அறிவிப்பில் ஒரு திருத்தம். நமது மருத்துவர் எந்தப் பந்தயத்திலும் வெற்றி பெறவில்லை."

அவ்வளவுதான். அதற்கு மேல் எதுவும் சொல்லாமல் கல்யாண அறிவிப்புகளுக்குப் போய்விட்டார்.

வெளியே வந்தபோது ஆளாளுக்கு என் தோளில் தட்டி, "பரவாயில்ல, அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்று ஆறுதல் சொன்னார்கள். இடுப்புயரக் கோப்பை வாங்கியவளுக்கு ஆறுதல்! எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அன்றைக்குத்தான் முடிவு செய்தேன். அடுத்த வருஷம் பட்டம் போனாலும் சரி, ஒரு ரேஸாவது ஜெயிக்க வேண்டும்.

புது சீசன் தொடங்குவதற்கு முன் கோயம்புத்தூர்க்காரி போன் செய்தாள்.

"அக்கா, எங்க வீட்ல ஒரே சண்டைங்க்கா. அத்தனை ரேஸ் ஜெயிச்சும் கடைசில கப்பு இல்லாம வர்றியேன்னு அப்பா கேக்கறாரு. இந்த வருசம் நான் உங்களாட்ட ஓட்டப் போறேன்."

"நான் உன்னை மாதிரி ஓட்டலாம்னு இருக்கேன்" என்றேன்.

இருவரும் நெடுநேரம் சிரித்தோம். விளையாட்டாகச் சொன்னதாகத்தான் இரண்டு பேருமே நினைத்தோம்.

அவளைப் போல ஓட்டுவது என்றால் என்ன என்று முதல் பந்தயத்திலேயே தெரிந்துவிட்டது. சென்னையில், இரண்டாவது லேப்பில், அவள் போகிற வேகத்தில் வளைவுக்குள் போய்ப் பார்த்தேன். வண்டி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். மணிக்கட்டு வீங்கிவிட்டது. எலும்பு முறியவில்லை. ஆனால் அது இடது மணிக்கட்டு. சினைப் பரிசோதனைக்கு மாட்டுக்குள் போகிற கை அதுதான். இரண்டு வாரம் வலது கையை வைத்துத் தட்டுத் தடுமாறி வேலை பார்த்தேன். "டாக்டரம்மா மாட்டு மேலேருந்து விழுந்துட்டாங்களாம்" என்று ஒரு ஊரில் செய்தி பரவியிருந்தது. நான் மறுக்கவில்லை.

அடுத்த பந்தயத்திலும் விழுந்தேன். அப்பா வேலிக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தார். திட்டவில்லை. திரும்பி வருகிற வழியில் பஸ்ஸில் வெகுநேரம் டிரைவரின் கைகளையே பார்த்துக்கொண்டு வந்தவர், பாதி வழி தாண்டியதும் கேட்டார்.

"அம்மா சொன்னதுக்காகவா இப்படி ஓட்டற?"

"இல்லப்பா. எனக்கே வேணும்னு இருக்கு."

"உனக்கே வேணும்னா சரி" என்றார். பிறகு, "விழும்போது வண்டிய விட்டுடு. புடிச்சிக்கிட்டே போகாத" என்றார். அதற்கு மேல் அவரிடமிருந்து எதையும் எதிர்பார்க்க முடியாது. விழுவதைப் பற்றி அவர் பேசியதே பெரிது.

இதற்கிடையில் கோயம்புத்தூர்க்காரி சொன்ன சொல்லைக் காப்பாற்றிக்கொண்டிருந்தாள். இரண்டாவது, மூன்றாவது, இரண்டாவது. அவளைத் தாண்டி யாராவது போனால் போக விட்டாள். புள்ளிப் பட்டியலில் அவள்தான் மேலே. பந்தயம் முடிந்து வரும்போது முன்பெல்லாம் கத்திக்கொண்டே வருவாள். இப்போது ஹெல்மெட்டைக் கழற்றியதும் பட்டியலைப் பார்க்கப் போனாள். நான் அதில் எங்கோ அடியில் இருந்தேன். விழாத நாட்களில் நாலாவது, ஐந்தாவது வந்தேன். பழைய ஓட்டமும் போய், புது ஓட்டமும் வராமல் நடுவில் கிடந்த காலம் அது.

கடைசிப் பந்தயம் கோயம்புத்தூரில். அம்மாவும் வருகிறேன் என்றார். அவர் பந்தயம் பார்க்க வந்தது அதுதான் முதல் தடவை. புளிசாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் கட்டிக்கொண்டு, குடையோடு வந்து உட்கார்ந்தார். குடை உதவியது. காலையிலிருந்தே மழை.

மழை டயர் மாட்டினார்கள். பெண்கள் பலர் முகம் சுருங்கி நின்றார்கள். எனக்கு மட்டும் ஏதோ லேசாக இருந்தது. பட்டம் எட்டாத தூரத்தில் இருந்ததால், எனக்குக் கணக்குப் பார்க்க ஒன்றுமே இல்லை. மேலும் வழுக்குகிற ரோடு எனக்கு அன்றாடம் பார்க்கிற ரோடு. நனைந்த வைக்கோலில் போகும்போது ஆக்சிலேட்டரை வெடுக்கென்று திருப்பக் கூடாது, பிரேக்கைக் கிள்ளக் கூடாது, வண்டி கொஞ்சம் நெளிந்தால் நெளியட்டும் என்று விட்டுவிட வேண்டும். அன்றைக்கும் அப்படியே விட்டேன்.

முதல் வளைவில் முன்னால் போகிறவர்களின் சக்கரம் வாரியடித்த தண்ணீரில் ஒன்றுமே தெரியவில்லை. இரண்டாவது லேப்பில் ஒருத்தியைத் தாண்டினேன். அடுத்த லேப்பில் இன்னும் இருவர். பிறகு திடீரென்று ஹெல்மெட் கண்ணாடியில் தண்ணீர் அடிப்பது நின்றுவிட்டது. என்னடா இது என்று பார்த்தால், எனக்கு முன்னால் யாருமே இல்லை. அந்த வெறும் ரோட்டை நான் அதுவரை பார்த்ததே கிடையாது. எப்போதும் யாருடைய முதுகாவது இருக்கும்.

பின்னால் ஒரு என்ஜின் சத்தம் விடாமல் வந்துகொண்டிருந்தது. கடைசி லேப்பில், நேர்ப்பாதைக்கு முந்தைய மெதுவான வளைவில், கொஞ்சம் பேராசைப்பட்டு, வெளிப்பக்கமாக விலகி அகலமாகப் போய்விட்டேன். உள்பக்கம் ஒரு மாட்டு வண்டியே நுழைகிற அளவுக்கு இடம். போச்சு என்று நினைத்தேன். யாரும் வரவில்லை. வண்டியை நிமிர்த்தி முறுக்கினேன். கட்டம் போட்ட கொடி என் தலைக்கு மேல் ஆடியது.

என்ன செய்தேன் என்று எனக்கு நினைவில்லை. அழுதுகொண்டே ஒரு லேப் முழுக்க எழுந்து நின்றபடி ஓட்டினேன் என்று அப்பா சொல்கிறார். அம்மா குடையைக் கீழே போட்டுவிட்டு நனைந்தபடி வந்து என்னைக் கட்டிக்கொண்டார். "மழையில எல்லா வண்டியும் ஒரே மாதிரி தெரியுது. உங்கப்பாதான் காட்டினாரு. சீட்டு மேல ஏறி நின்னுல்ல காட்டினாரு!" என்றார். அப்பா எங்கோ பார்த்துக்கொண்டு மூக்கைத் துடைத்தார்.

எனக்குப் பின்னால் வந்த சத்தம் கோயம்புத்தூர்க்காரியுடையது. இரண்டாவதாக வந்தாள். பட்டம் அவளுக்கு.

பரிசளிப்பில் எனக்குக் கொடுத்தது ஒரு சாண் உயரக் கோப்பை. பிறகு அவளைக் கூப்பிட்டு இடுப்புயரக் கோப்பையைக் கொடுத்தார்கள். அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. நான் தடுப்பதற்குள் மேடையோரம் நின்ற அதிகாரியிடம் போய்விட்டார்.

"சார், முதல்ல வந்தது எம் பொண்ணு. பெரிய கப்பை அந்தப் பொண்ணுக்குக் குடுக்கறீங்களே?"

"அது வருஷம் பூராவும் சேர்த்தும்மா. இது இன்னிக்கு ஒரு ரேஸுக்கு."

அம்மா யோசித்தார். "போன வருஷம் எங்களுக்குக் குடுத்ததும் அந்தக் கப்புதானா?"

"ஆமாம்மா."

"அப்ப சரி" என்று திரும்பி வந்தார். அன்றோடு என் சாம்பியன் பட்டத்தை அம்மா ஏற்றுக்கொண்டுவிட்டார் என்று நினைக்கிறேன்.

கோயம்புத்தூர்க்காரியைத் தேடிப் போனேன். வண்டிகள் நிற்கிற கொட்டகைக்குப் பின்னால் ஒரு டயர் மேல் உட்கார்ந்திருந்தாள். கோப்பை பக்கத்தில் தரையில் இருந்தது. கண் சிவந்திருந்தது. சந்தோஷத்தில் என்று நினைத்து வாழ்த்துச் சொன்னேன்.

"அக்கா, அந்தக் கடைசி வளைவுல நீங்க அகலமாப் போனீங்கல்ல? பாத்தேன். எடம் அவ்ளோ இருந்துச்சு. கை திரும்பவே இல்லைங்க்கா. விழுந்தா பூஜ்யம், விழுந்தா பூஜ்யம்னு அதே ஓடுச்சு."

"வந்திருந்தா தாண்டியிருப்பியா?"

"தெரியல. அதுதாங்க்கா கஷ்டமா இருக்கு. வந்து பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும்."

நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். என் வெற்றியில் ஒரு பொத்தல் விழுந்த மாதிரி இருந்தது. அவள் பழைய ஆளாக இருந்திருந்தால் அந்த இடைவெளியில் கட்டாயம் நுழைந்திருப்பாள். ஒன்று என்னை ஜெயித்திருப்பாள், இல்லை விழுந்திருப்பாள். இரண்டில் எது நடந்திருந்தாலும் நாங்கள் இருவரும் நிம்மதியாக இருந்திருப்போம். ஆனால் அவளைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. போன வருஷம் இதே மாதிரி ஒரு இடைவெளியைப் பார்த்துவிட்டு நானும் போகாமல் இருந்தவள்தானே. அன்றைக்கு என்னிடம் யாரும் கேட்கவில்லை. நானும் யாரிடமும் சொல்லவில்லை. இப்போது அவளிடம் சொன்னேன். "அப்ப உங்களுக்கும் அப்படி இருந்துச்சா?" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அம்மா கொடுத்தனுப்பிய புளிசாதத்தை இருவரும் அங்கேயே உட்கார்ந்து தின்றோம்.

இன்று என்னிடம் எது பெரிது என்று கேட்டால் சாம்பியன் பட்டம் என்றுதான் சொல்வேன். ஒரு நாள் மழை யாருக்கும் கைகொடுக்கும். ஒரு வருஷம் முழுக்க எந்த மழையும் கைகொடுக்காது. அது நானாகச் சம்பாதித்தது. ஆனால் காலையில் மருந்தகத்துக்குப் போகும் வழியில், வாய்க்கால் ஓரமாக ரோடு காலியாகக் கிடக்கும்போது, மனது ஓட்டிப் பார்ப்பது அந்தப் பட்டத்தை அல்ல. பட்டத்தை எப்படி ஓட்டிப் பார்ப்பது? அதற்கு ரோடும் கிடையாது, சத்தமும் கிடையாது. ஓட்டிப் பார்ப்பது மழையில் முன்னால் யாருமில்லாத அந்த நாலைந்து லேப்புகளைத்தான். பொத்தலோடு சேர்த்துத்தான் ஓட்டிப் பார்க்கிறேன். அதனால் ஒன்றும் குறையவில்லை.

இந்த வருஷச் சீசன் சென்னையில் தொடங்கியது. இருவருமே சேர்ந்தோம். இந்த முறை யாரும் யாரைப் போலவும் ஓட்டுவதில்லை என்று போனில் ஒப்பந்தம். முதல் பந்தயத்தின் மூன்றாவது லேப்பில் நான் அவளுக்கு உள்பக்கம் நுழைந்தேன், அவள் விடவில்லை. நானும் நிறுத்தவில்லை. இரண்டு வண்டியும் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு பாதையோரத்து ஜல்லிக்குள் போய்ச் சாய்ந்தன. எழுந்து கைகாலை ஆட்டிப் பார்த்தோம். எல்லாம் ஆடின.

"இப்ப வந்தீங்க பாருங்க!" என்றாள் ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டே. திட்டுகிறாள் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள்.

மீதிப் பந்தயத்தை டயர் அடுக்கிய தடுப்புச் சுவர் ஓரமாக நின்று பார்த்தோம். மதுரையிலிருந்து புதிதாக வந்திருந்த ஒரு பெண் முதலாவதாக வந்தாள். அவள் ஓட்டிய முதல் பந்தயமே அதுதான். கொடியைத் தாண்டியதும் இரண்டு கையையும் விட்டுவிட்டுக் கத்தினாள்; எங்கள் பக்கம் வருகிறவரை கத்திக்கொண்டே வந்தாள். நாங்கள் இருவரும் ஜல்லித் தூசியோடு அவளுக்குக் கைதட்டினோம்.

"புள்ளின்னு ஒண்ணு இருக்கறதே அவளுக்கு இன்னும் தெரியாதாட்ட இருக்குங்க்கா" என்றாள் கோயம்புத்தூர்க்காரி.

"மெதுவாத் தெரியட்டும்" என்றேன். அதற்குள் வண்டியைத் தூக்கச் சொல்லி யாரோ விசில் ஊதினார்கள். ஆளுக்கொரு பக்கம் பிடித்து, முதலில் அவளுடையதையும் பிறகு என்னுடையதையும் நிமிர்த்தினோம்.